தொப்பூரில் லாரி நின்ற மத்தியானம்

கணவாயில் எவனாவது வண்டியைக் கவிழ்த்தால்தான் ஷைனியின் இயந்திரத்தில் கோடு நேராக வரும். இதை வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஏழு வருஷமாக ஒரே ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவளுக்கு மனசு இப்படியெல்லாம் போகத்தான் செய்யும். அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில், திரையில் பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று அடங்கிப் படுத்தது. ஷைனி எழுந்து ஜன்னலண்டை போனாள். தொப்பூர் இறக்கத்தை நோக்கிப் போகிற சாலையில் லாரிகள் ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தன. டிரைவர்கள் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஐயோ பாவம், யாரோ, என்று முதலில் நினைத்தாள். இன்றைக்கு நல்ல அளவு கிடைக்கும் என்று அடுத்து நினைத்தாள். இரண்டாவது நினைப்புக்காக வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இந்த இடத்துக்கு இயந்திரம் வந்த கதையே ஒரு கூத்து. பெங்களூரில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றின் சொத்து அது. கிராமத்துக்கே போய் ஆராய்ச்சி செய்கிறோம் என்று எழுதினால் நிதி கிடைக்கும் என்று அவளுடைய பேராசிரியர் மாதவராஜ் எழுதினார், கிடைத்தது. தொப்பூருக்கு இந்தப் பக்கம் உள்ள தனியார் பொறியியல் கல்லூரி ஒன்று, தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பின்பக்கத்துக் கட்டடத்தை ஒழித்துக் கொடுத்தது. மெட்ரோ ரயில் கிடையாது, காந்தத் தொந்தரவே இருக்காது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கூப்பிடு தூரத்தில் சேலம் - பெங்களூர் சாலை இருக்கிறது, அதில் விடிய விடிய இரும்பு ஓடுகிறது என்பது ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை. நிற்கிற இரும்பால் தொந்தரவில்லை, ஓடுகிற இரும்புதான் பிராணனை வாங்கும்.

இயந்திரம் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, அதன்மேல் கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டி, பெட்டிக்குள் துவரம்பருப்பைவிடச் சின்னதாக ஒரு வைரச் சில்லு. அந்த வைரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குறைகள் உண்டு. கரி அணு ஒன்று இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், பக்கத்தில் நைட்ரஜன் அணு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். நகைக்கடைக்காரன் பார்த்தால் விலையைக் குறைப்பான். ஆனால் பச்சை லேசரை அடித்தால் அந்தக் குறைதான் சிவப்பாக ஒளிர்கிறது. பக்கத்தில் இம்மியளவு காந்தம் வந்தாலும் அந்த ஒளி மாறுகிறது. குவாண்டம் உணரி என்று அதற்குப் பெயர். ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை செல் ஒன்றை வைரத்தின்மேல் படுக்கவைத்தால், அந்த செல்லுக்குள் இரும்பு எங்கே ஒளிந்திருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வைரம் காட்டிக்கொடுத்துவிடும். நம் உடம்பு இரும்பைச் சின்னச் சின்னப் புரத உருண்டைகளுக்குள் சேமித்து வைக்கிறது. ஒரு தலைமுடியின் அகலத்தில் அந்த உருண்டைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். அவ்வளவு பொடிசு.

ஷைனி கண்டுபிடித்தது இதுதான். நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர்களில் பெண்களுக்கு ரத்தசோகை என்று சுகாதார நிலையத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனார்கள். ஆனால் அதே பெண்களின் வெள்ளை செல்களை வைரத்தின்மேல் வைத்தால், உள்ளே இரும்பு பொட்டுப் பொட்டாக ஜொலிக்கிறது. ஒப்பிடுவதற்காகப் பெங்களூர்ப் பெண்களிடமிருந்து வரவழைத்த ரத்தத்தில் அப்படி எதுவுமில்லை. அப்படியானால் இவர்களுக்கு இரும்பு இல்லாமலில்லை, உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. இரும்பு மாத்திரை கொடுத்துப் பிரயோஜனமில்லை, பூட்டைத் திறக்க வழி பார்க்க வேண்டும். மாதவராஜ் சார் இதைக் கேட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஓய்வு பெறப்போகிற மனுஷன், கடைசிக் காலத்தில் கிடைத்த யோகம் என்று நினைத்தார். அவள் ஆய்வேடு முழுக்க இந்த ஒரே தூணில்தான் நின்றது.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்களில் இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாவது ஆள் ஒரு கேள்வி கேட்டார். கிராமத்து ரத்தமெல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில் பஸ்ஸில் வந்திருக்கிறது. பனிக்கட்டியே படாமல், எடுத்த கையோடு வைத்துப் பார்த்தாலும் இதே மாதிரி தெரிகிறதா? தெரிந்தால் ஆய்வேட்டைத் திங்கட்கிழமையே அனுப்பலாம். ஏழு வருஷத்துக்கும் அதோடு கும்பிடு.

அதற்காகத்தான் ஷைனி தன் அம்மாவை வரச்சொல்லியிருந்தாள். அம்மா மிக்கேலம்மாள், நல்லம்பள்ளிப் பக்கத்து ஊரில் துணை சுகாதார நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். அங்கே நர்ஸ் எடுக்கிற ரத்தக் குழாய்களை வாராவாரம் பெட்டியில் அடுக்கி, பஸ் நிறுத்தம் வரை இடுப்பில் சுமந்து, கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதும் அவள்தான். ரத்தம் கொடுத்த பெண்களில் அவளும் ஒருத்தி. எல்லோரையும்விட அவள் ரத்தத்தில்தான் இரும்பு அதிகமாக ஜொலித்தது. காலையில் எடுத்த ரத்தம் பெட்டியில் வரட்டும், ஆள் பஸ்ஸில் வரட்டும், இங்கே ஒரு தடவை எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம் என்பது ஏற்பாடு.

போன் அடித்தது. "பாப்பா, பஸ்ஸு நின்னுபோச்சு. முன்னால என்னவோ லாரி கவுந்துகிச்சாம். நான் எறங்கி நடந்து வரேன்."

"வெயில்ல எதுக்கும்மா, அங்கயே உக்காரு. நான் வரேன்."

"நீ வந்து என்ன பண்ணப் போற. தோ, உங்க காலேஜு போர்டு தெரியுது." வைத்துவிட்டாள்.

போர்டு தெரிந்ததே தவிர, ஆள் வந்து சேர நெடுநேரம் ஆனது. நின்றிருந்த லாரிகளின் ஓரமாக, வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று மிக்கேலம்மாள் வந்தாள். ஷைனி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினாள். கட்டடத்தின் வாசலில் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வறண்டிருந்தது. ஆய்வகத்தில் உதவிக்கு இருக்கும் ஆண்டி அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்னம்மா இப்பிடி மூச்சு வாங்குது?"

"வயசாவலயா. வூட்டுல ரெண்டு கொடம் தண்ணி எடுத்தாலே படபடன்னு வருது. நாலு படி ஏறினா கண்ணு இருட்டுது."

"மாத்திரை போடறியா இல்லியா?"

மிக்கேலம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீதான சொன்ன, உள்ள இரும்பு நெறய கெடக்குதுன்னு. அப்பறம் அந்தக் கருமத்த என்னாத்துக்கு முழுங்கணும். வயிறு கல்லாட்டம் ஆவுது. மாதா திருவிழாவுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். நான் மட்டுமா, நர்ஸம்மா மாத்திர குடுக்க வந்தா எல்லாரும் சிரிக்கறாங்க. எங்களுக்குத்தான் உள்ளயே இருக்குதாமேங்கறாங்க. எம்பொண்ணு கண்டுபுடிச்சதுன்னு நானும் சொல்லிக்கறேன்."

கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. ஷைனிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ சரியில்லை என்றும் இருந்தது. எதையும் நின்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. லாரி நின்றிருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கல்லூரியின் முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனாள். பெட்டியை ஆண்டி தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அங்கே ராஜாமணி சிஸ்டர் இருந்தார். நரம்பு கிடைக்காமல் கையைத் தட்டித் தட்டிப் பார்த்து ரத்தம் எடுத்தார். எடுத்துவிட்டு, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "என்னங்கம்மா இப்படி வெளுத்துக் கெடக்குது. நாக்க நீட்டுங்க."

"அவங்களுக்கு இரும்பு இருக்குது சிஸ்டர். உள்ள பூட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் ஷைனி.

சிஸ்டர் நாக்கையும் பார்த்தார். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "கொஞ்ச நேரம் படுங்க" என்றார்.

ஷைனி இன்னும் சூடு ஆறாத ரத்தக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"உச்சி வேளையில ரத்தத்த அப்பிடியே வெறுமனே கையில எடுத்துட்டுப் போற? புத்தி இருக்குதா உனக்கு? நில்லு."

அவள் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் இருந்த பெட்டியைத் திறந்தாள். குழாய்கள் செருகிய தாங்கியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். உருகின பனிக்கட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, மூலையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தாள். ஈரம் சொட்டச் சொட்ட அதை ஷைனியின் கோட்டுப் பையில் திணிக்கப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"ஆணிதான். வேற என்ன வெப்பாங்க."

ஷைனி முடிச்சை வாங்கிப் பிரித்தாள். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பழைய ஆணி. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய துணி, செங்கல் நிறத்தில் கறை பிடித்திருந்தது.

"எப்பருந்து வெக்கற?"

"மொத நாளுலேர்ந்து. பச்ச ரத்தம் அம்புட்டு தூரம் போவுது. காத்து கருப்பு எதாச்சும் பின்னாலயே வந்தா? அத தொடறவ நீதான. மாதா படமும் ஒண்ணு மூடியில ஒட்டியிருக்கேன். சர்ச்சு சாமியார் பாத்தா ஆணிக்குத் திட்டுவாரு, அதான் அடியில, என் குழாய்க்குப் பக்கமா வெச்சேன்."

ஷைனி ஆணியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள், துரு ஒட்டியது. தெரியாத பழக்கமா இது? அவள் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அம்மா கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால், தூக்குப் பாத்திரத்தின் மூடிமேல் ஒரு அடுப்புக்கரியாவது ஒரு துரு ஆணியாவது இல்லாமல் வந்ததே இல்லை. இந்த மாவட்டத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சர்ச்சுக்குப் போகிறவர்களும் சரி, கறியையும் ரத்தத்தையும் வெறுமனே கொண்டுபோக மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத்தப் பெட்டி அம்மாவின் கை வழியாக வருகிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவள் ஆண்டியைப் பார்த்தாள். "அண்ணா, பொட்டிய நீங்கதான கழுவறீங்க. இத பாத்ததில்லையா?"

"பாக்காம என்னங்க. வாராவாரம் எடுத்து வெச்சுட்டு, பொட்டியக் கழுவி, மறுபடியும் உள்ள போட்டுத்தாங்க திருப்பி அனுப்பறேன்" என்றார் ஆண்டி. "அது இல்லாம எப்பிடிங்க அனுப்பறது?"

அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. பெட்டிக்கு மூடி இருக்கிறது என்று யாராவது வந்து சொல்வார்களா? யாரைப் போய்க் கோபித்துக்கொள்வது? ஷைனி முடிச்சைத் திரும்பக் கட்டி அம்மாவின் கையில் கொடுத்தாள். "மெஷின்கிட்ட இரும்பு கொண்டு போகக்கூடாதும்மா. நீயே வெச்சுக்க. படுத்துக்க" என்றாள். பெட்டியிலிருந்து அம்மாவின் இன்னொரு குழாயையும், ஒரு சின்னப் புட்டியில் அந்தப் பனிக்கட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்குவானேன். அவள் இரண்டு குழாய் ரத்தத்தையும் சுழற்றி, வெள்ளை செல்களைப் பிரித்து, கழுவி, ஒவ்வொன்றாக வைரத்தின்மேல் விட்டாள். கை பழகின வேலை, மனசு இல்லாவிட்டாலும் கை செய்துவிடும். பெட்டியில் வந்த ரத்தத்தை முதலில் வைத்தாள். ஜொலித்தது. ஏழு வருஷமாக அவள் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே பொட்டுகள். அடுத்து, சற்றுமுன் எடுத்த ரத்தத்தை வைத்தாள். திரை இருட்டாக இருந்தது. லேசரைக் கூட்டினாள், குவியத்தை மாற்றினாள், வேறு செல்லைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். இருட்டு இருட்டாகவே இருந்தது. கோடு மட்டும் தண்ணீரில் எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால் லாரியின் தலையில் பழியைப் போட்டிருப்பாள். இன்றைக்கு அதற்கும் வழியில்லை. சாலையில் ஒரு சக்கரம்கூட உருளவில்லை.

அடுத்த வேலையைச் செய்ய அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனாலும் செய்தாள். பெங்களூரிலிருந்து வந்த ரத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் அந்தப் பனிக்கட்டித் தண்ணீரை ஒரே ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பில் வைத்துக் காத்திருந்தாள். வெள்ளை செல்லின் வேலையே கண்டதையும் விழுங்குவதுதான். கிருமியோ தூசியோ, வந்ததை விழுங்கி வைத்துக்கொள்ளும். அதை எடுத்து வைரத்தின்மேல் வைத்தபோது பெங்களூர்ப் பெண்ணின் செல்லும் நல்லம்பள்ளிப் பெண்ணின் செல்லைப் போலவே பொட்டுப் பொட்டாக ஜொலித்தது. துருத் தண்ணீர் குழாயின் மூடியில் ஊறியிருக்கிறது, மூடியைத் திறக்கும்போது ஒரு இம்மி உள்ளே போயிருக்கிறது, செல்கள் அதை விழுங்கியிருக்கின்றன. பெங்களூர் ரத்தம் சாருடைய காரில், புதுப் பெட்டியில், ஆணி இல்லாமல் வந்தது. ஏழு வருஷமும் அவள் அளந்துகொண்டிருந்தது அம்மா வைத்த ஆணியைத்தான்.

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பசித்தது. காலையில் வாங்கி வைத்த பொட்டலத்தைப் பிரித்து ஆறிப்போன இட்லியைத் தின்றாள். தின்றுவிட்டு சாருக்குப் போன் போட்டாள்.

மாதவராஜ் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அவர் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

"பொட்டியில வந்த ரத்தமும் இன்னைக்குக் காலையில எடுத்ததுதான?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"அதுவும் புது ரத்தம்தானம்மா ஒரு வகையில. அந்த மூணாவது ஆள் கேட்டது புது ரத்தமா பழைய ரத்தமான்னுதான். ஆணியப் பத்தி அவர் கேக்கலயே."

ஷைனி இட்லிப் பொட்டலத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

"நான் செய்னு சொல்லல. உன் நிலைமைய நெனச்சேன், என் நிலைமையையும் நெனச்சேன். மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்க உனக்குத் தெம்பிருக்கா? யோசிச்சுச் சொல்லு." குரலில் அதட்டல் இல்லை. ஏதோ ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி பேசினார். அதனாலேயே அவரை வெறுக்கவும் முடியவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம். 'அன்றே எடுத்த ரத்தத்திலும் இதே விளைவு காணப்பட்டது.' தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. திங்கட்கிழமை போய்விடும். பேருக்கு முன்னால் டாக்டர் என்று வந்துவிடும், ஏதாவது ஒரு கல்லூரியில் ஒரு நாற்காலி கிடைக்கும், காலையில் எட்டு மணி வரைக்கும் தூங்கலாம். அவள் அந்த வாக்கியத்தைத் தட்டவே தட்டினாள். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. கணினியை அப்படியே விட்டுவிட்டு, அம்மா சாப்பிட்டாளா என்று பார்க்கப் போனாள்.

மிக்கேலம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமாட்டில் ஆண்டி வாங்கி வைத்த தயிர்சாதம் பாதி மிச்சமிருந்தது. ஷைனி கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. சிஸ்டர் செய்ததைப் போல, கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் மாதிரி வெளுப்பு. குவாண்டம் உணரி வேண்டாம், வைரம் வேண்டாம். கண் இருந்தால் தெரிகிற விஷயம். மாதா திருவிழாவுக்கு முன்னாலிருந்து இந்த உடம்பு வெறும் வண்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது, மகள் சொன்னாள் என்பதற்காக. அங்கே ஊரில் இன்னும் எத்தனையோ பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இவள் மகள் சொன்னாள் என்பதற்காக. அந்த வாக்கியம் போனால் அது அப்படியே அச்சாகும். ஷைனிக்கு இப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதுவிட்டு, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் நின்றபடியே சாருக்குப் போன் போட்டாள். "திங்கட்கெழமை போகாது சார். வெளையாட்டா நெனைக்காதீங்க, நான் எழுதப் போறேன். ஆணி, துரு எல்லாத்தையும் எழுதறேன். அந்த ஊருங்களுக்கு நானே போயி மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டு வரேன்."

"சரி" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "அம்மாவ டாக்டர்கிட்ட காட்டு மொதல்ல" என்றார். அவருக்கும் பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது குரல்.

அவள் போய் அந்த வாக்கியத்தை அழித்தாள். தட்டியதைவிட அழிக்கச் சீக்கிரமாகத்தான் ஆனது.

வெயில் தாழ்ந்தபோது அம்மா எழுந்தாள். ராஜாமணி சிஸ்டர் ஒரு அட்டை மாத்திரை கொடுத்து, எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார், திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பாகக் கூட்டிப்போகச் சொன்னார். அம்மாவும் மகளும் சாலையோரத்துக்கு நடந்து வந்தார்கள். கிரேன் வந்து லாரியைத் தூக்கிவிட்டதாகவும், டிரைவர் கால் உடைந்து பிழைத்துக்கொண்டான் என்றும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சேலம் பக்கமிருந்து வண்டிகள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருந்தன.

"உன் படிப்பு முடிஞ்சுதா பாப்பா?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

"இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மறுபடி பண்ணணும்."

"ஏன்?"

"மெஷின் கோளாறு. தப்புத் தப்பா காட்டியிருக்கு. உனக்கு உள்ள இரும்பு இல்ல. சுத்தமா இல்ல. மாத்திரைய விடாம போடணும்."

அம்மா சாலையைப் பார்த்தபடி நின்றாள். "நான் பண்ணது எதாச்சும் தப்பா?"

"உன்னால ஒண்ணுமில்ல. மெஷின்தான்னு சொன்னன்ல." சாரிடம் ஒரு பொய்க்கு இடம் கொடுக்காதவள், இந்தப் பொய்யைக் கூசாமல் சொன்னாள்.

தர்மபுரி பஸ் வந்தது. கூட்டமில்லை. மிக்கேலம்மாள் படியில் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஷைனி காலிப் பெட்டியை உள்ளே கொடுத்தாள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தா."

"எதுக்கும்மா?"

"இனிமே பொட்டியில வெக்கல. அந்த மெஷின் ரூமுக்குள்ளயும் கொண்டு போவாத. வெளிய, உன் பையில கெடக்கட்டும்."

"மெஷின் கோளாறுதான்மா" என்றாள் ஷைனி மறுபடியும்.

"சரி, மெஷின் கோளாறுதான். யாரு இல்லன்னா." மிக்கேலம்மாள் மகளின் கையைப் பிடித்து, முடிச்சை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "நீ சொன்னன்னு நான் மாத்திர முழுங்கறேன். நான் சொன்னன்னு நீ இத வெச்சுக்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போன பிறகும் ஷைனி அங்கேயே நின்றாள். காலையிலிருந்து நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பி அவளைத் தாண்டிப் போயின. அந்தப் பின்பக்கத்துக் கட்டடத்தில் கோடு இந்நேரம் ஆட ஆரம்பித்திருக்கும். அவள் துணி முடிச்சைத் தோள்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.